உடைந்த ஓடும் புதுப்பித்த கட்டடமும்: எதை நம்புவது?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார். கேள்வி இதுதான்: "கீழடி அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். தக்களி, பகடை, பேர் கீறிய பானை ஓடு. இதையெல்லாம் விட்டு நகரவே மனசு வரவில்லை. ஊருக்கு வந்து ராயபுரம் ஸ்டேஷனைப் பார்த்தால், புதுப்பித்து அழகாக நிற்கிறது. அதுவும் பிடிக்கிறது, ஆனால் இது நிஜமா என்று உள்ளே ஒரு சந்தேகம் வருகிறது. சாதாரணப் பொருள் ஏன் இப்படி இழுக்கிறது? புதுப்பித்த கட்டடத்தை நம்பலாமா? தொல்லியலில் எது முக்கியம்?"

நான் வண்ணாரப்பேட்டைக்காரன். பழைய கட்டடங்களைச் சீர்செய்கிற வேலை பார்க்கிறேன். அகழாய்வுக் குழியிலும் நின்றிருக்கிறேன். ஓடு உங்களை இழுப்பதற்குக் காரணம், நம்மிடம் எதையும் சொல்ல வேண்டும் என்று யாரும் அதைச் செய்யவில்லை. சோறாக்கச் செய்தார்கள், உடைந்தது, வீசினார்கள். கட்டடம் அப்படி இல்லை. கட்டும்போதே நாலு பேர் பார்க்க வேண்டும் என்றுதான் கட்டுகிறார்கள். புதுப்பிக்கிறவரும் தான் நினைக்கிற பழமையை அதில் சேர்த்து வைக்கிறார். அதனால் கட்டடத்தை நம்பக் கூடாது என்று அர்த்தமில்லை. யார், எப்போது, எதை மாற்றினார் என்று கேட்டுவிட்டு நம்ப வேண்டும். உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது.

முதலில் பானை ஓடு. உள்ளங்கை அகலத்தில் ஒரு கருப்பு-சிவப்புப் பானை ஓடு கையில் இருக்கிறது என்று வையுங்கள். வெளியே சிவப்பு, உள்ளேயும் வாய்ப்பக்கமும் கருப்பு. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்று புகாது, அந்தப் பக்கம் கருத்துப்போகும். காற்றுப் பட்ட பக்கம் சிவக்கும். ஓட்டின் உட்புறத்தில் விரலை ஓட்டினால் மெல்லிய வரி வரியாகத் தட்டுப்படும். அது சக்கரம் சுற்றும்போது குயவரின் விரல் விட்டுப்போன தடம். உடைந்த விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் சாம்பல் நிறமாக இருந்தால், தீ உள்ளே வரை சரியாகப் பிடிக்கவில்லை. அடிப்பாகத்தில் கரி ஏறியிருந்தால் அடுப்பில் ஏறிய பானை. வாய்ப்பக்கத்துத் துண்டாக இருந்தால் இன்னும் நல்லது. வட்டத்துக்குள் வட்டமாக வரைந்த தாளில் அதன் வளைவைப் பொருத்திப் பார்த்து, முழுப் பானையின் வாய் எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லிவிடலாம். அப்புறம் ஆய்வுக்கூடத்தில், மண்ணுக்குள் ஊறிப்போன கொழுப்பைப் பிரித்தெடுத்து, அதில் சமைத்தது மாமிசமா பாலா என்று வரை தேடுகிறார்கள். இத்தனையும் ஒரு ஓட்டிலிருந்து. அந்த வீட்டுக்காரர்கள் நாம் இதைத் தெரிந்துகொள்வோம் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கீழடி ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' என்று பேர் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலும் பானையைச் சுட்டு முடித்த பிறகு கீறிய எழுத்து அது. ஓட்டுக்கு ஓடு கையெழுத்தும் மாறுகிறது. குயவர் ஒருவரே உட்கார்ந்து எல்லாவற்றிலும் எழுதவில்லை, வாங்கியவர்கள் தங்கள் பேரைத் தாங்களே கீறியிருக்கிறார்கள் என்று அகழாய்வு அறிக்கை சொல்வது இதை வைத்துத்தான். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு அரண்மனைச் சாசனம் இப்படி ஒரு பதிலைத் தராது. எகிப்தில் செங்கடற்கரையில் குசெய்ர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த ஓட்டில் தமிழ் பிராமி என்ற பழந்தமிழ் எழுத்தில் 'பானை ஒறி' என்று இருப்பதாகக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார். உறியில் தொங்கவிட்ட பானை, அவ்வளவுதான் செய்தி. மன்னன் பேர் இல்லை, வெற்றி இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டிப் போன ஒரு தமிழ் ஆள் தன் சாப்பாட்டுச் சாமானை அடையாளம் வைத்திருக்கிறார். காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர்களோடு பழகிய எனக்கு இந்த ஓட்டைப் பற்றிப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

சின்னப் பொருள் மனசைத் தொடுவதோடு நிற்பதில்லை, வரலாற்றின் கணக்கையே நேராக்கிவிடும். 1940-கள் வரை தென்னிந்தியாவில் தோண்டி எடுத்த தாழிகளுக்கும் பானைகளுக்கும் உறுதியான காலம் சொல்ல வழியில்லாமல் இருந்தது. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலியில் அரெஸ்ஸோ பக்கம் செய்த சிவப்புச் சாப்பாட்டுத் தட்டுகளின் உடைசல் அங்கே கிடைத்தது. அந்தத் தட்டு எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்று ஐரோப்பாவில் துல்லியமாகத் தெரியும். அதே மண்ணடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் அப்படியே காலம் கிடைத்தது. தென்னிந்தியத் தொல்லியலின் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தது யாரோ சாப்பிட்டு உடைத்த தட்டு.

சரி, வடசென்னைக்கு வருவோம். எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறதே கொசஸ்தலை ஆறு, அதன் கரையோடு மேற்கே போனால் பூண்டி, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அத்திரம்பாக்கம். 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் முதலில் பல்லாவரத்தில் ஒரு கற்காலக் கைக்கோடரியை எடுத்தார்; அதே வருஷம் வில்லியம் கிங்கும் அவரும் அத்திரம்பாக்கத்தில் நிறைய எடுத்தார்கள். 1999-லிருந்து சாந்தி பப்புவின் குழு அங்கே தோண்டியது. 2011-ல் வந்த முடிவின்படி கீழடுக்கில் கிடைத்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. குவார்ட்சைட் கல்லை இரண்டு பக்கமும் தட்டித் தட்டி, கண்ணீர்த் துளி வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பூண்டி அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். அனல்மின் நிலையச் சாம்பலோடு நாம் பார்த்துப் பழகிய ஆற்றின் மேல்கரையில் அவ்வளவு பழைய கைவேலை கிடக்கிறது என்பது நம் பகுதிப் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்? பள்ளியில் இதை முதல் பாடமாகவே வைக்கலாம்.

இன்னொரு எல்லையில் கொடுங்கையூர் இருக்கிறது. குப்பைமேடும் தொல்லியலா என்று யோசிக்காதீர்கள். அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராத்ஜே 1973-ல் குப்பையையே தொல்லியல் முறைப்படி பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார். வீட்டுக்காரர்கள் தாங்கள் குடிப்பதாகச் சொன்ன மதுவின் அளவுக்கும் அவர்கள் குப்பையில் கிடந்த பாட்டில்களுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. பிறகு பெரிய குப்பைக் கிடங்குகளைத் தோண்டினார்கள். மக்கிப் போயிருக்கும் என்று எல்லோரும் நினைத்த பழைய செய்தித்தாள் அப்படியே படிக்கக் கூடியதாக வெளியே வந்தது. கொடுங்கையூரில் இப்போது பயோமைனிங் என்று பழைய குப்பையைச் சலித்துப் பிரிக்கிறார்கள். அது சுகாதாரத்துக்கான வேலை, நடக்கத்தான் வேண்டும். அந்த மேட்டைச் சுற்றி வாழ்கிறவர்கள் பட்டது போதும். ஆனால் அந்த மேட்டின் அடுக்குகளில் இந்த நகரம் வாங்கியது, தின்றது, வீசியது எல்லாம் வரிசையாகக் கிடக்கிறது. ஒரு மூலையையாவது மாணவர்களைக் கொண்டு அடுக்கடுக்காகப் பதிவு செய்தால், சென்னையைப் பற்றி எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லாத தகவல் கிடைக்கும். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன்.

அடுத்து கட்டடம். பொருளைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். கட்டடத்துக்கு உள்ளே போக முடியும். உயரம் எவ்வளவு, வெளிச்சம் எந்தப் பக்கம், சத்தம் எப்படி எதிரொலிக்கிறது என்பதெல்லாம் நம் உடம்புக்கே தெரிகிறது. இடிந்து கிடக்கும் அடித்தளத்தைப் பார்த்து இதைக் கற்பனை செய்யப் பயிற்சி வேண்டும். நிமிர்த்தி வைத்தால் யாருக்கும் புரியும். புதுப்பித்த கட்டடத்தின் பலம் அது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது, ஏனென்றால் ஊகமும் கல்லாக நின்றுவிட்டால் நிஜம் போலவே தெரியும்.

கிரீட் தீவில் நாசஸ் அரண்மனைக்கு இதுதான் நடந்தது. ஆர்தர் எவன்ஸ் 1900-ல் தோண்ட ஆரம்பித்தார். மழையில் கரைந்துபோகாமல் காக்க வேண்டிய கட்டாயம் நிஜமாகவே இருந்தது. ஆனால் பிறகு கான்கிரீட்டில் மாடிகளையே எழுப்பினார், சிவப்புத் தூண் நிறுத்தினார், துண்டு துண்டாகக் கிடைத்த சுவரோவியங்களை முழுப் படமாக வரைய வைத்தார். 'அல்லிப்பூ இளவரசன்' என்று உலகமே அறிந்த அந்த ஓவியத்தின் துண்டுகள் ஒரே ஆளுடையவைதானா என்றே அறிஞர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். போகிறவர்கள் பார்ப்பதில் அரண்மனையைக் கட்டிய பழங்கால மினோவர்கள் எவ்வளவு, எவன்ஸ் எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் திரும்புகிறார்கள். இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகுதான் 1964-ல் பழைய சின்னங்களைச் சீரமைப்பது பற்றிய வெனிஸ் சாசனம் வந்தது. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும், புதிதாகச் சேர்த்தது பழையதோடு ஒத்துப்போக வேண்டும், ஆனால் புதியது என்று தெரியவும் வேண்டும் என்று அது சொல்கிறது.

ஏதென்ஸில் அட்டாலஸ் மண்டபம் என்ற பழங்காலத் தூண் மண்டபம் வேறு கதை. 1953 முதல் 1956 வரை கிட்டத்தட்ட முழுவதையும் புதிதாகக் கட்டினார்கள். நிறையப் பேர் குறை சொன்னார்கள். ஆனால் அந்த மண்டபத்துக்குள் என்ன வைத்திருக்கிறார்கள் பாருங்கள்: சந்தைத் திடலில் தோண்டி எடுத்த அன்றாடச் சாமான்கள். நாடு கடத்த வேண்டிய அரசியல்வாதியின் பேரை மக்கள் கீறிப் போட்ட ஓடுகள், நீதிமன்றத்தில் பேசும் நேரத்தை அளந்த நீர்க் கடிகாரம், சுடுமண்ணில் செய்த ஒரு குழந்தையின் மலநாற்காலி. அதே மாதிரி நாற்காலியில் குழந்தை உட்கார்ந்திருக்கும் ஓவியமே ஒரு கிரேக்கக் குவளையில் இருக்கிறது. வெளியே பெரிய தூண் வரிசை ஆளைக் கூப்பிடுகிறது, உள்ளே அந்த நாற்காலி ஆளை நிறுத்துகிறது. ஓடா கட்டடமா என்று நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல விடை அந்த மண்டபம்தான்.

நம் ராயபுரம் ஸ்டேஷனுக்கு இந்தச் சந்தேகத்தைப் பொருத்திப் பாருங்கள். 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. மும்பையிலும் ஹௌராவிலும் அதற்கு முன்னால் கட்டிய முதல் நிலையங்கள் இன்று இல்லை. ஆகவே நாட்டில் நிற்கிற மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் இதுதான். 2005-ல் ரயில்வே புதுப்பித்தது. நாசஸ் போல ஊகத்தில் எழுப்பியது இல்லை, நின்றுகொண்டிருந்த கட்டடத்தைக் காப்பாற்றியது. அதனால் நம்புங்கள். ஆனால் எந்தத் தூண் 1856, எந்தப் பூச்சு 2005 என்று போகிற வருகிறவருக்குத் தெரியும்படி எழுதி வைப்பதும் புதுப்பிப்பின் பாதி வேலை. அது இல்லாத எந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்தாலும் சந்தேகப்பட உங்களுக்கு உரிமை உண்டு.

எனக்கு ராயபுரத்தைவிட, பழைய மதில் ஒன்றின் மேல் இருக்கும் மாடிப் பூங்கா பிடிக்கும். 1758 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் கருப்பர் நகரத்துக்குள் (இன்றைய ஜார்ஜ் டவுன்) புகுந்து, அங்கிருந்தே புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டார்கள். பத்து வருஷம் கழித்து ஹைதர் அலியின் படை சென்னை வாசல் வரை வந்தது. அந்தப் பயத்தில் நகரத்தின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுந்தது. ஒப்பந்தம் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. செலவை மக்கள் தலையில் வரியாகப் போட நினைத்தார்கள். வரி வரவில்லை, வால்டாக்ஸ் (மதில் வரி) ரோடு என்று பேர் மட்டும் நின்றது. 19-ம் நூற்றாண்டில் மதிலின் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சமிருக்கும் துண்டின் மேல்தான் பழைய வண்ணாரப்பேட்டையின் மாடிப் பூங்கா. பீரங்கி நிறுத்தக் கட்டிய இடத்தில் தாத்தாக்கள் நடைப்பயிற்சி போகிறார்கள், பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். வடசென்னையின் பழைய சின்னங்கள் பலவும் இப்படித்தான், அன்றாடப் பொருளாகவே ஆகிவிட்டன. பாரிமுனையில் 1773-ல் நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. கோட்டைக்கு முன்னால் பீரங்கி சுடுவதற்காகத் திறந்த வெளி விட வேண்டும், இந்தத் தூணைத் தாண்டி வீடு கட்டக் கூடாது என்று சொன்ன கல் அது. தினமும் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் அதை ஒட்டித்தான் ஓடுகிறார்கள்.

இந்த மாதிரிக் கட்டடங்களைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி காலமோ கடற்காற்றோ இல்லை என்பது என் கருத்து. சிமெண்ட்தான். மழைக்காலம் முடிந்ததும் நம் பக்கம் ஒரு பழைய செங்கல் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். கற்களுக்கு நடுவே யாரோ சிமெண்ட் பூசிய இணைப்பு மட்டும் எலும்பு போலத் துருத்திக்கொண்டு நிற்கும். சுற்றியிருக்கும் செங்கல்லின் முகம் பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்து, தொட்டால் மாவாக உதிரும். காரணம் எளிது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும், ஓதம் ஏறினாலும் காய்ந்துவிடும். சிமெண்ட் விடாது. கடலோர மண்ணிலிருந்து ஏறும் உப்புத் தண்ணீர் செங்கல் வழியாகத்தான் வெளியே வர வேண்டியிருக்கிறது. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உடைக்கிறது. பழைய கொத்தனார்கள் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் விட்டுக் காரை கலந்தார்கள். மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்தால் பளிங்கு மாதிரி மின்னும். மெட்ராஸ் பூச்சு என்று வெளிநாட்டிலும் அதற்குப் பேர் இருந்தது. இந்தக் கலவை தெரிந்த மேஸ்திரி இன்றும் இருக்கிறார்கள். நேரம் பிடிக்கும் வேலை, ஒப்பந்தக்காரர்களுக்குப் பொறுமை இல்லை. ஒரு கட்டடத்தை உண்மையாகப் புதுப்பித்தார்களா என்று தெரிய வேண்டுமானால் வண்ணத்தைப் பார்க்காதீர்கள், இணைப்பில் என்ன பூசியிருக்கிறது என்று பாருங்கள்.

கோயிலுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். யானையின் முதுகு போல் வளைந்த அந்தக் கருவறை விமானம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வேலை. கட்டிய தச்சனின் பேரே கல்லில் இருக்கிறது. ஆனால் கல்வெட்டுகளில் நிறைய இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது விளக்குக்கு ஆடு கொடுத்த கணக்கு. ஒரு நந்தாவிளக்கு (அணையா விளக்கு) எரிய இத்தனை ஆடு, தினமும் இவ்வளவு நெய். மன்னர் பேரோடு தொடங்கினாலும் அது இடையர் வீட்டுக் கணக்குதான். இந்த எழுத்தின் ஆழம் மிகக் குறைவு. சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடித்தால் கல் புதுசாகத் தெரியும், எழுத்து போய்விடும். தமிழ்நாட்டில் பல கோயில்களில் அப்படிப் போயிருக்கிறது. கோபுரத்தின் பளபளப்பு வேண்டுமா, அந்த நெய்க்கணக்கு வேண்டுமா என்றால், நான் நெய்க்கணக்கின் பக்கம்.

உங்கள் பேட்டையிலேயே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். பழைய வீடு இடிக்கும் இடத்திலோ காயலான் கடையிலோ சிவப்பு மங்களூர் ஓடு கிடந்தால், திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் கம்பெனி முத்திரை இருக்கும். பாசல் மிஷன் (ஓட்டுத் தொழிற்சாலைகள் நடத்திய கிறிஸ்தவ மிஷன்) என்று இருந்தால் முதல் உலகப் போர் முடிவதற்கு முன்னால் செய்தது, ஏனென்றால் போரின்போது அந்தத் தொழிற்சாலைகள் கைமாறி, பிறகு காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பேரில் நடந்தன. ஆனால் ஓட்டின் வயதும் வீட்டின் வயதும் ஒன்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஓடு மாற்றுவார்கள், இன்னொரு வீட்டிலிருந்து கொண்டுவந்து போடுவார்கள். எந்தத் தெரு, எந்த வீடு, கூரையில் எந்தப் பக்கம், கூட என்ன கிடந்தது என்று குறித்து வைத்தால்தான் அது சான்று. இல்லாவிட்டால் அலமாரியில் வைக்கும் அழகுப் பொருள். பானை ஓட்டுக்கும் இதுதான் விதி. கிடந்த இடம் தெரியாத ஓடு பாதி ஊமை.

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ மெட்ரோ வேலை, கால்வாய் வேலை நடக்கும்போதோ பழைய பானை, நாணயம், எலும்போடு தாழி என்று எதுவும் வந்தால் உடனே எடுக்காதீர்கள், கழுவவும் கூடாது. பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ பேனாவையோ வைத்துப் போட்டோ எடுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி ஆழம், மண் என்ன நிறம் என்று எழுதுங்கள். எழும்பூரில் தமிழ் வளர்ச்சி வளாகத்தில் மாநிலத் தொல்லியல் துறை இருக்கிறது, அங்கே சொல்லுங்கள். 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் பல்லாவரத்தில் கிடைத்த சுடுமண் ஈமப்பேழையையும் பார்த்துவிட்டு வாருங்கள். அது கிடைத்த இடத்தை எழுதி வைத்ததால்தான், இன்று நெரிசலான அந்தப் புறநகரில் பழங்காலத்திலேயே மனிதர்கள் வாழ்ந்து தங்கள் பிணங்களைப் புதைத்தார்கள் என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.